மெழுகுவர்த்திக்கு இரண்டு கைகள் வேண்டும்

வாசிக்க: யாத்திராகமம் 23:1-9, மத்தேயு 5:38-48



சென்ற வாரம் வேதபாட வகுப்பு முடிந்ததும் நம் வாலிபர்களில் ஒருவர் என்னைத் தனியே நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, அநியாயத்தை எதிர்த்து நில்லுங்கள் என்கிறீர்கள். அநியாயம் செய்கிறவனை நேசியுங்கள் என்றும் சொல்கிறீர்கள். கோபம் தணிந்துவிட்டால் போராட்டமும் தணிந்துவிடாதா?" நான் அவசரமாக ஏதோ பதில் சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். அந்தப் பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே இவ்வாரத் தியானத்தில் ஒரு வரலாற்றை உங்கள் முன் வைக்கிறேன். கேள்வி கேட்ட தம்பியும் இதை வாசிப்பார் என்று நம்புகிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி இரண்டாகப் பிளவுண்டது. கிழக்கு ஜெர்மனியில் கம்யூனிஸ்டுக் கட்சியின் ஆட்சி நாற்பது ஆண்டுகள் நிலவியது. அந்நாட்டின் இரகசியக் காவல் துறையாகிய 'ஸ்டாசி', அண்டை வீட்டாரைக் கொண்டே அண்டை வீட்டாரை வேவு பார்த்தது. அங்கே ஆலயத்துக்குச் செல்வது குற்றமன்று. எனினும் செல்கிறவருடைய பிள்ளைகள் படிப்பிலும் வேலையிலும் அதற்குரிய விலையைக் கொடுத்தார்கள்.

அந்நாட்டின் பெரிய நகரங்களில் ஒன்று லைப்சிக். அங்குள்ள புனித நிக்கோலாய் ஆலயத்தில், 1982-ஆம் ஆண்டு முதல், திங்கட்கிழமை தோறும் மாலை 5 மணிக்குச் சமாதானத்துக்கான ஜெபக்கூட்டம் நடைபெற்று வந்தது. சில வாரங்களில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே வந்தார்கள். ஆயினும் ஜெபம் நிற்கவில்லை. 1989-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அந்தச் சிறு கூட்டம் ஆலயம் கொள்ளாத பெருங்கூட்டமாயிற்று. விசுவாசிகள், விசுவாசமற்றவர்கள், நாட்டைவிட்டு வெளியேற அனுமதி கோரியவர்கள், இங்கேயே இருந்து நாட்டைத் திருத்த வேண்டும் என்றவர்கள் எனப் பலரும் அங்கே கூடினர். ஜெபம் முடிந்ததும் அவர்கள் வீதிக்கு வந்து ஊர்வலமாக நடக்கத் தொடங்கினர்.

அவ்வாண்டு ஜூன் மாதம் பெய்ஜிங் நகரின் தியானன்மென் சதுக்கத்தைச் சுற்றிலும் போராடிய மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். கிழக்கு ஜெர்மனியின் நாடாளுமன்றம் சீன அரசின் பக்கம் நின்று தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. ஆகவே அடுத்து வந்த அக்டோபர் 9, திங்கட்கிழமையை லைப்சிக் மக்கள் நடுக்கத்தோடு எதிர்நோக்கினார்கள். அதற்கு மூன்று நாட்களுக்கு முன் நகர நாளிதழில் ஒரு கடிதம் வெளியாயிற்று. தொழிற்சாலைத் தொழிலாளர்களைக் கொண்ட ஆயுதப் படைப்பிரிவு ஒன்றின் தளபதி, தேவைப்பட்டால் கையில் ஆயுதம் ஏந்தியேனும் இந்தக் கூட்டங்களை அடக்குவோம் என்ற பொருளில் அதை எழுதியிருந்தார். மருத்துவமனைகளில் இரத்தமும் படுக்கைகளும் ஆயத்தமாக்கப்படுகின்றன என்ற செய்தி வீடுவீடாகப் பரவியது. ஆயிரக்கணக்கான காவலரும் படைவீரரும் நகரத்தில் குவிக்கப்பட்டனர்.

அந்த வீரர்கள் யார் என்று சற்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் பலர் கட்டாயச் சேவைக்கு அழைக்கப்பட்ட இருபது வயதுக்குட்பட்ட பிள்ளைகள். வீதியில் நிற்பவர்கள் ரவுடிகள், நாட்டின் விரோதிகள் என்றே அவர்களுக்குப் போதிக்கப்பட்டிருந்தது. 'ரவுடித்தனம்' என்பது அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்திலேயே இடம்பெற்றிருந்த குற்றத்தின் பெயர். மனிதன் மனிதனைச் சுடுவது எளிதன்று. எதிரே நிற்பவன் மனிதனல்லன் என்று முதலில் நம்பவைக்க வேண்டும். அதன் பின்பே கட்டளை வேலை செய்யும். அதற்கு மேல் பக்கத்தில் நிற்பவனின் பார்வையும் உண்டு. அவன் துப்பாக்கியை உயர்த்தும்போது நான் மட்டும் எப்படித் தாழ்த்துவது என்ற கூச்சம், மேலதிகாரியின் ஆணையைக் காட்டிலும் வலிமையானது.

அன்று பிற்பகலிலேயே நிக்கோலாய் ஆலயத்தின் இருக்கைகள் நிரம்பிவிட்டன. வந்திருந்தவர்களில் ஏறத்தாழ 600 பேர் கட்சி அனுப்பிவைத்த உறுப்பினர்கள். மக்களுக்கு இடமில்லாதபடி ஆலயத்தை அடைத்துவிடுவதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. அங்கே போதகராக இருந்தவர் கிறிஸ்டியான் ஃப்யூரர். அவர் அவர்களை வெளியேற்றவில்லை, பழித்துப் பேசவுமில்லை. வரவேற்றார். தொழிலாளர்கள் வேலை முடிந்து 4 மணிக்கு மேல்தான் வர இயலும் என்பதால், அவர்களுக்காக மேல்மாடத்தைப் பூட்டிவைத்திருப்பதாக மெல்லிய நகைச்சுவையோடு அறிவித்தார். வாழ்நாளில் ஆலய வாசலை மிதித்திராத பலர், மலைப்பிரசங்கத்தின் பாக்கியவசனங்களை அன்று முதல்முறையாகக் கேட்டார்கள். வேவு பார்க்க வந்தவர்கள் சுவிசேஷத்தைக் கேட்டுவிட்டுப் போனார்கள் என்று அந்தப் போதகர் பிற்காலத்தில் மகிழ்ச்சியோடு நினைவுகூர்வதுண்டு.

அதே நாளில் ஆயிரக்கணக்கான துண்டுப் பிரசுரங்கள் கைக்குக் கை மாறின. சபைகளைச் சார்ந்து இயங்கிய மனித உரிமைக் குழுக்கள் அவற்றை அச்சிட்டிருந்தன. அதன் உள்ளடக்கம் நாம் கவனிக்கத்தக்கது. காவலர் வரிசையை உடைக்காதீர்கள், எவரையும் எந்த வாகனத்தையும் தாக்காதீர்கள், காவலரின் உடைகளையோ கருவிகளையோ பறிக்காதீர்கள், வன்முறையான முழக்கங்களை எழுப்பாதீர்கள் என்று அது மக்களைக் கேட்டுக்கொண்டது. பின்பு அதே தாளில் காவலர்களை நோக்கியும் பேசியது: சமாதானமாய் வருகிறவர்களை வன்முறையால் எதிர்கொள்ளாதீர்கள், நாம் அனைவரும் ஒரே மக்கள் என்றது. எதிரில் நிற்பவனுக்கும் சேர்த்து எழுதப்பட்ட பிரசுரம் அது.

மாலையில் நகரின் ஒலிபெருக்கிகளில் புகழ்பெற்ற இசைநடத்துநர் கூர்ட் மாசூரின் குரல் ஒலித்தது. ஆறு பேர் கையொப்பமிட்ட ஒரு வேண்டுகோளை அவர் வாசித்தார். அமைதி காக்கும்படியும், திறந்த மனத்தோடு பேச்சுவார்த்தை நடக்க வேண்டும் என்றும் அது கேட்டது. அந்த ஆறு பேரில் மூவர் கட்சியின் மாவட்டச் செயலாளர்கள். தலைமையின் அனுமதியைப் பெறாமலேயே அவர்கள் தங்கள் பெயரைக் கொடுத்திருந்தார்கள். கட்சியில் இருப்பவர் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் என்று போராட்டக்காரர்கள் முடிவு கட்டியிருந்தால், அந்த மூவர் வந்து நிற்பதற்கு இடமே இருந்திருக்காது.

ஆலயக் கதவுகள் திறந்தபோது, வெளியே பல்லாயிரம் பேர் மெழுகுவர்த்திகளோடு காத்திருந்தார்கள். அன்று ஏறத்தாழ 70,000 பேர் நகரின் வட்டச் சாலையில் நடந்தனர். மெழுகுவர்த்தியைப் பற்றி போதகர் ஃப்யூரர் பிற்காலத்தில் ஓர் உண்மையைச் சொல்வார்: அதைப் பிடிக்க ஒரு கை வேண்டும், காற்றில் அணையாமல் மறைக்க மற்றொரு கை வேண்டும், கல்லை எடுக்கக் கை மீதமிராது. 'வன்முறை வேண்டாம்' என்ற முழக்கமும் 'நாங்களே மக்கள்' என்ற முழக்கமும் வீதியெங்கும் எழுந்தன. ஆங்காங்கே மக்கள் இளம் வீரர்களிடம் நெருங்கிச் சென்று பேச்சுக் கொடுத்தார்கள். ரவுடிகளை எதிர்பார்த்து நின்ற அந்தப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெரியவர்களையும், தாயின் வயதையொத்த பெண்களையும், தங்களைப் போன்ற மாணவர்களையும் கண்டார்கள்.

மாவட்டக் கட்சித் தலைமையின் பொறுப்பு அன்று ஹெல்முட் ஹாக்கென்பெர்க் என்பவரிடம் இருந்தது. அவர் பெர்லினில் ஏகோன் கிரென்ஸைத் தொலைபேசியில் அழைத்தார். திரும்ப அழைப்பதாகப் பதில் வந்தது. ஆனால் அந்த அழைப்பு உரிய நேரத்தில் வரவில்லை, கூட்டமோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஹாக்கென்பெர்க் முடிவெடுத்தார். படைகள் பின்வாங்கித் தற்காப்போடு மட்டும் நிற்கும்படி ஆணை பிறந்தது. ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. ஒன்பது நாட்களில் நாட்டுத் தலைவர் ஏரிக் ஹோனெக்கர் பதவியிழந்தார். சரியாக ஒரு மாதத்தில், நவம்பர் 9 இரவு, பெர்லின் மதில் திறந்தது.

ஜெபமும் மெழுகுவர்த்தியும் மட்டுமே இதைச் சாதித்தன என்று சொன்னால் அது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. சோவியத் படைகள் தலையிடவில்லை. நாட்டின் பொருளாதாரம் நலிந்திருந்தது. கூட்டம் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாயிருந்தது. ஆயினும் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். அன்று ஒரு கல் பறந்திருந்தால், ரவுடிகள் என்று மேலிருந்து சொல்லப்பட்ட பொய் அந்த இளைஞர்களின் கண்முன்னே மெய்யாகியிருக்கும். கீழ்ப்படிவதற்கு அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். லைப்சிக் மக்கள் அந்தக் காரணத்தைக் கொடுக்கவில்லை. கேள்வி கேட்ட தம்பிக்கு என் பதிலின் முதற்பகுதி இதுவே: எதிராளியை மனிதனாக மதித்ததால் அவர்கள் போராட்டம் தளரவில்லை, எதிராளியின் கையிலிருந்த ஆயுதமே தளர்ந்தது.

அன்பானவர்களே, இந்த வரலாற்றுக்கு இரண்டாம் பகுதி ஒன்று உண்டு. அது முதற்பகுதியைவிடக் கடினமானது.

பதவியிழந்த ஹோனெக்கர், உயர் தலைவர்கள் வாழ்ந்த குடியிருப்பிலிருந்தும் வெளியேற வேண்டியதாயிற்று. 1990 ஜனவரியில் அவருக்குப் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை நடந்தது. மருத்துவமனையிலிருந்து வெளிவந்ததும் கைது செய்யப்பட்டு, மறுநாள் விடுவிக்கப்பட்டார். அவருக்கு வயது 77. மதிலையும் வேவுப்படையையும் வைத்து ஒரு நாட்டையே ஆண்டவர், மனைவியோடு தலைசாய்க்க இடமின்றி நின்றார். அவரை ஏற்க எவரும் முன்வரவில்லை. அப்போது திருச்சபையின் கதவு தட்டப்பட்டது.

பெர்லினுக்கு வடகிழக்கே லோபெதால் என்ற சிற்றூர் உள்ளது. வீடற்றவர்களுக்காகப் போதகர் பிரீட்ரிக் ஃபான் போடெல்ஷ்விங் 1905-இல் நிறுவிய ஊழியம் அது. 1940-இல் நாத்சி அரசு மாற்றுத்திறனாளிகளை இரகசியமாகக் கொன்றுவந்தபோது, அங்கே பொறுப்பிலிருந்த போதகர் பவுல் கெர்ஹார்ட் பிரவுனே அக்கொலைகளை எதிர்த்து அரசுக்கே அறிக்கை எழுதி அனுப்பிச் சிறை சென்றார். மனிதருக்குக் கீழ்ப்படிவதைக் காட்டிலும் தேவனுக்குக் கீழ்ப்படிவது என்ன விலை கேட்கும் என்பதை அறிந்த ஊர் அது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அதே பொறுப்பில் இருந்தவர் போதகர் ஊவே ஹோல்மர்.

ஹோல்மருக்குப் பத்துப் பிள்ளைகள். போதகரின் பிள்ளைகள் என்ற காரணத்தால், நல்ல மதிப்பெண்கள் பெற்றும் அவர்களில் பலருக்கு மேல்நிலைப் படிப்புக்கு இடம் மறுக்கப்பட்டது. அக்காலம் முழுவதும் கல்வி அமைச்சராக இருந்தவர் மார்கோட் ஹோனெக்கர். இப்போது வீடின்றி நின்ற அதே அம்மையார். முதியோர் இல்லத்தில் இடம் கொடுக்கலாமே என்ற எண்ணம் எழுந்தது. அங்கே ஏற்கெனவே பலர் பெயர் பதிந்து காத்திருந்தனர். அவர்களைத் தாண்டி இவர்களை நுழைப்பது நியாயமன்று என்று ஹோல்மர் கருதினார். ஆகவே 1990 ஜனவரி 30 அன்று அவ்விருவரையும் தம் சொந்த வீட்டிலேயே ஏற்றார். பிள்ளைகள் தங்கியிருந்த மாடி அறைகள் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டன.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். எதிர்ப்பு இம்முறை அரசிடமிருந்து வரவில்லை. விடுதலை பெற்ற மக்களிடமிருந்தே வந்தது. ஆர்ப்பாட்டக்காரர்கள் வீட்டின் முன் கூடினர். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. வெடிகுண்டு மிரட்டலும் வந்தது. ஊழியத்துக்குக் கொடுத்துவந்த காணிக்கையை நிறுத்திவிடுவோம் என்று சிலர் எழுதினர். மார்ச் மாதத்தில் அந்த முதிய தம்பதியரை வேறோர் ஊரின் விருந்தினர் இல்லத்துக்கு மாற்றியபோது, அங்கே திரண்ட கூட்டத்தின் சீற்றம் தாங்காமல் மறுநாளே அவர்கள் லோபெதாலுக்குத் திரும்ப நேர்ந்தது.

ஹோல்மர் தம் செயலை மக்களுக்கு விளக்கி எழுதினார். சுமை சுமப்போரை அழைக்கும் இயேசுவின் சிலை எங்கள் ஊரில் நிற்கிறது என்றார். எங்களுக்குக் குற்றம் செய்தவர்களுக்கு மன்னிக்கிறோம் என்று ஞாயிறுதோறும் ஜெபித்துவிட்டு, அப்படிப்பட்டவர் வாசலில் வந்து நிற்கும்போது கதவை அடைக்க எங்களால் இயலாது என்பதே அவர் சொன்னதன் சாரம். ஒன்பது வாரங்கள், ஏப்ரல் 3 வரை, அவர்கள் அந்த வீட்டில் இருந்தார்கள்.

ஹோனெக்கர் மனந்திரும்பினார் என்ற இனிய முடிவு இக்கதைக்கு இல்லை. அவர் விசுவாசியாகவில்லை. மதிலில் நிகழ்ந்த மரணங்களுக்காகப் பின்னர் 1992-இல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். கடும் நோயின் காரணமாக விசாரணை கைவிடப்பட்டது. 1994-இல் சிலி நாட்டில் இறந்தார். ஹோல்மர் அந்த நீதி விசாரணைக்குக் குறுக்கே நிற்கவில்லை. மன்னிப்பது போதகரின் கடமை, விசாரிப்பது நீதிமன்றத்தின் கடமை. ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே ஹோனெக்கர் இளமையில் ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்ததற்காகப் பத்தாண்டுகளுக்கு நெருக்கமாகச் சிறையில் இருந்தவர். ஒடுக்கப்பட்டவர், தம் எதிரிகளெல்லாம் தீயவர்கள் என்ற உறுதியோடு அதிகாரத்துக்கு வந்தபின், என்ன ஆனார் என்று நாம் கண்டோம். நியாயமான காரணத்துக்காகப் போராடும் எவருக்கும் இது எச்சரிப்பு, திருச்சபைக்கும் எச்சரிப்பு.

இப்போது என் வாழ்வில் நடந்த ஒன்றை அறிக்கையிட வேண்டியவனாக இருக்கிறேன். இறையியல் கல்லூரியில் நான் பயின்ற காலத்தில், விடுதி உணவின் தரத்துக்காக மாணவர்கள் போராடினோம். கோரிக்கை நியாயமானது. மூன்றாம் நாள் இரவு விடுதிக் காப்பாளரின் கொடும்பாவிக்குச் செருப்பு மாலை போட்டு, அவர் வீட்டின் எதிரிலேயே எரித்தோம். அதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மதியம் அதே வீட்டில் நான் அமர்ந்து உண்டிருக்கிறேன். அவர் திருடரல்லர், கல்லூரி கொடுத்த பணம் போதாமல் திணறியவர். இதை நான் அறிந்திருந்தேன். முழக்கம் எழுந்தபோது சற்று நேரம் வாயடைத்து நின்றேன். பக்கத்தில் நின்ற நண்பன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையே போதுமானதாயிருந்தது. அவரைத் திருடன் என்று எல்லாரையும்விட உரக்கக் கத்தினேன். ஜன்னலில் அவருடைய சிறு மகள் நின்றுகொண்டிருந்தாள்.

உணவு சீரானது. நாங்கள் வென்றோம். பல ஆண்டுகள் கழித்து அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எண்ணி, எண்ணித் தள்ளிப்போட்டேன். ஒரு நாள் அவர் காலமான செய்தி வந்தது. அந்தச் சொல்லைத் திரும்பப் பெற இனி எனக்கு வழியில்லை.

துப்பாக்கி ஏந்திய அந்த இளம் வீரனை நான் எளிதாகக் குற்றஞ்சாட்ட இயலாததற்குக் காரணம் இதுவே. அவன் மேலதிகாரிக்குக் கீழ்ப்படிந்தான் என்றால், நான் என் நண்பனின் பார்வைக்குக் கீழ்ப்படிந்தேன். தீமை செய்யத் திரளானவர்களின் பின்னே போகாதே என்று யாத்திராகமம் 23-இல் கர்த்தர் எச்சரிக்கிறார். அதே பகுதியில், பகைவனுடைய கழுதை சுமையின் கீழ் விழுந்து கிடந்தால் அதைத் தூக்கிவிட உதவு என்றும் கட்டளையிடுகிறார். இவ்விரு கட்டளைகளும் அருகருகே நிற்பது தற்செயலன்று என்றே எண்ணுகிறேன். கூட்டத்தோடு ஓடுகிறவனுக்குப் பகைவனின் கழுதை கண்ணில் படாது. பிலாத்து இயேசுவிடம் குற்றம் காணவில்லை. ஆனாலும் ஜனக்கூட்டத்தைத் திருப்திப்படுத்த அவரைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்தான்.

நம் சபையாரில் பலர் சங்கங்களில் இருக்கிறீர்கள். ஊர்ப் பிரச்சினைகளுக்காக ஆட்சியர் அலுவலகத்தின் முன் அமர்கிறீர்கள். வாட்ஸ்அப் குழுக்களில் எழுதுகிறீர்கள். அநீதியைக் கண்டு அமைதியாய் இருங்கள் என்று உங்கள் போதகர் ஒருநாளும் சொல்லமாட்டார். செயலைக் கண்டியுங்கள், ஆதாரத்தோடு கண்டியுங்கள், பின்வாங்காதீர்கள். ஆனால் ஒரு மனிதரைப் பேய் என்றும் நாய் என்றும் எழுதிய செய்தி உங்கள் கைபேசிக்கு வரும்போது, அதை அடுத்தவருக்கு அனுப்புமுன் ஒரு நிமிடம் நில்லுங்கள். அது உண்மை என்று நம்புகிறீர்களா, அல்லது குழுவில் எல்லாரும் அனுப்பினார்கள் என்பதால் அனுப்புகிறீர்களா? உங்கள் எதிராளி நாளை மனம் மாறி வந்தால், அவர் வந்து நிற்க ஓரிடம் விட்டுவைத்திருக்கிறீர்களா?

தம்பி, உன் கேள்விக்கு என் பதிலின் இரண்டாம் பகுதி: கோபம் தணிய வேண்டியதில்லை. லைப்சிக் மக்களின் கோபம் தணியவில்லை. அவர்கள் திங்கள்தோறும் மீண்டும் வந்தார்கள். அந்தக் கோபம் எந்தக் கைக்கு வேலை கொடுக்கிறது என்பதையே பார்.

ஜெபிப்போம்.

அன்பின் பரலோகப் பிதாவே, நியாயத்துக்காக நிற்கும் துணிவை எங்களுக்குத் தாரும். கூட்டத்தின் சத்தத்தில் உம்முடைய சத்தத்தை இழந்துவிடாதபடி காத்தருளும். எங்கள் நாவினால் நாங்கள் காயப்படுத்தினவர்களிடம் காலம் கடக்குமுன் சென்று மன்னிப்புக் கேட்க எங்களுக்குத் தாழ்மையைத் தாரும். எங்களுக்கு விரோதமாய் நிற்கிறவர்களையும் நீர் உண்டாக்கினீர் என்பதை நாங்கள் மறவாதிருக்க அருள்செய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.